பூச்சிகளைக் கொல்லாமல் சமாளிப்பது: எங்கே சறுக்குகிறோம்?

ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து சமையலறை விளக்கைப் போடுகிறீர்கள். சிங்க் ஓரத்தில் ஒரு கரப்பான், மீசையை ஆட்டிக்கொண்டு அப்படியே நிற்கிறது. கை தானாகச் செருப்பைத் தேடுகிறது. காலையில்தான் பௌத்தர்களின் ஐந்து ஒழுக்க உறுதிகளில் முதலாவதான முதல் சீலம் சொல்லியிருக்கிறீர்கள்: பாணாதிபாதா வேரமணி, உயிர்க்கொலை செய்வதில்லை என்று. அந்த ஒரு நொடியில் செருப்பு இறங்குகிறதா இல்லையா என்பதுதான் சீலம் என்று நினைப்பதே முதல் தவறு. சொட்டுகிற குழாயையும் கழுவாமல் போட்ட பாத்திரத்தையும் போன வாரமே கவனித்திருந்தால் இந்தச் சந்திப்பே நடந்திருக்காது. கரப்பானுக்குச் சோற்றைவிடத் தண்ணீர் முக்கியம். படுக்கப் போகுமுன் சிங்க்கைத் துடைத்துக் காயவைப்பது பாதி வேலை.

இதில் புதிதாக ஒன்றும் இல்லை. புத்தரின் உரைகளைத் தொகுத்த நூல்களில் ஒன்றான மஜ்ஜிம நிகாயத்தின் இரண்டாவது சூத்திரத்தில் (உரையில்), பிக்கு, அதாவது பௌத்தத் துறவி, எதற்காக ஆடை உடுத்துகிறார் என்று சொல்லும் இடத்தில் குளிர், வெயிலோடு ஈ, கொசு, ஊர்வன மேலே படாமல் தடுப்பதும் வருகிறது. கொசுவலைக்கு, பிக்குகளின் ஒழுங்கு விதிகளான விநயத்தில் அனுமதி உண்டு. பிக்குவின் எட்டு உடைமைகளில் ஒன்று தண்ணீர் வடிகட்டி. தண்ணீரில் இருக்கும் சிற்றுயிர்கள் வாய்க்குள் போகக்கூடாது என்பதற்காக. பொறுமையைப் போதித்தவர்களே இடையில் ஒரு துணியையும் கட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

நம்மில் பலர் ஏமாறுவது பெயரைப் பார்த்து. போரிக் அமிலத்தைச் சர்க்கரையோடு பிசைந்து மூலையில் வைத்தால் அதற்கு 'வீட்டு வைத்தியம்' என்று பெயர். எறும்பு அதைத் தின்று, புற்றில் இருப்பவற்றுக்கும் கொண்டுபோய் ஊட்டிவிட்டுச் சாகிறது. நம் கண் முன்னால் எதுவும் சாகாததால் மனசு லேசாக இருக்கிறது, அவ்வளவுதான். ஒட்டும் அட்டை இன்னும் மோசம்; அதில் சிக்கியது மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் துடிக்கும். பௌத்த நூல்களுக்குப் பாலி மொழியில் உரை எழுதியவர்கள் கொல்லும் முயற்சியை ஆறு வகையாகப் பிரித்திருக்கிறார்கள்: தன் கையால் செய்வது, எறிவது, ஏவிச் செய்விப்பது, பொறியோ குழியோ வைத்துவிட்டு நகர்வது, மந்திரத்தால் செய்வது, சித்தியால் செய்வது. நான்காவதைப் படித்தபோது என் அலமாரிக்கடியில் கிடந்த ஒட்டும் அட்டைதான் நினைவுக்கு வந்தது. மூன்றாவதைப் படித்தபோது, மருந்தடிக்க ஆளைச் சொல்லிவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. 'கொல்லவும் வேண்டாம், கொல்விக்கவும் வேண்டாம்' என்று புத்தரின் வாக்குகளைப் பாடலாகத் தொகுத்த தம்மபதத்தின் 129, 130ஆம் பாடல்கள் இரண்டையும் சேர்த்தேதான் சொல்கின்றன.

எறும்பு விஷயத்தில் நாம் செய்யும் தவறு, எதை முதலில் செய்வது என்ற வரிசையில். சுவரில் போகும் எறும்புச் சாரையின் குறுக்கே விரலை ஒருமுறை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வந்துகொண்டிருந்த எறும்பு அந்த இடத்தில் நிற்கும், தலையை இப்படியும் அப்படியும் ஆட்டும், திரும்பும், பின்னால் வருவதோடு முட்டிக்கொள்ளும். முன்னே போன எறும்புகள் விட்ட வாசனைதான் அவற்றுக்குப் பாதை. துடைப்பத்தால் எறும்பைத் தள்ளினாலும் வாசனை சுவரிலேயே இருக்கும். அரை மணி நேரத்தில் அடுத்த கூட்டம் வந்துவிடும். ஆத்திரத்தில் முதலில் ஓட்டையை அடைத்தால், உள்ளே வந்தவை வெளியேற வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே அலையும். முதலில் அவை தேடி வந்த பொருளை எடுத்துவிடுங்கள். ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ விட்டால் பெரும்பாலானவை வந்த வழியே போய்விடும். அப்புறம் சோப்புத் தண்ணீரிலோ வினிகரிலோ நனைத்த துணியால் பாதையைத் துடையுங்கள். ஓட்டையை அடைப்பது கடைசியில்.

கொசுவில் தவறு காலதாமதம். வெயில் காலத்தில் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தொட்டியில் புழு நெளிவதைப் பார்த்தபின் தண்ணீரைக் கீழே கொட்டினால் அதுவும் கொலைதான். உயிர்கள் இருப்பது தெரிந்தே அந்தத் தண்ணீரைப் புல்லிலோ மண்ணிலோ ஊற்றக்கூடாது என்று பிக்குகளுக்கு விதியே இருக்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்துபோனாலும் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். ஆகவே மாதம் ஒருமுறை கொட்டிக் கழுவுவதைவிட, தாய்க்கொசு நுழையாதபடி மூடி போட்டு வைப்பது மேல். மூட முடியாததை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

தானிய வண்டு: பெண் வண்டு மணியில் துளைபோட்டு உள்ளே முட்டையிட்டு மூடிவிடுகிறது, அதனால் டப்பாவைத் திறக்கும்போது பார்க்கும் வண்டு வெளியிலிருந்து வந்ததாகவே இருக்க வேண்டியதில்லை. கொஞ்சமாக வாங்குங்கள். வந்துவிட்டால் இளவெயிலில் துணியில் பரப்புங்கள், ஊர்ந்து போய்விடும். உச்சி வெயிலில் இரும்புத் தட்டில் பரப்புவது வறுப்பதற்குச் சமம்.

சரி, பிடித்து வெளியே விடுவதற்கு வருவோம். விரலால் பிடித்தால் கால் முறியும். பேப்பரால் அமுக்கினால் நசுங்கும். கண்ணாடி டம்ளரை மெதுவாகக் கவிழ்த்து, கெட்டி அட்டை ஒன்றை அடியில் செருகுங்கள். அட்டை நுழையும்போது கரப்பான் தானாகக் காலைத் தூக்கி அதன்மேல் ஏறிக்கொள்ளும். அந்த ஒரு கணம் காத்திருக்கத் தெரிய வேண்டும். வாசலுக்கு வெளியே விட்டால் திரும்பி வரும், அல்லது பக்கத்து வீட்டுக்குப் போகும். கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விடுவது விடுதலை அல்ல என்பதைச் சொல்லவே வேண்டாம். குட்டையான ஜெர்மன் கரப்பானின் வாலருகே வெளிர்நிறப் பை தெரிந்தால் அதற்குள் 30, 40 முட்டை இருக்கும். பொரிக்கும் நேரம்வரை சுமந்தே திரியும். அந்த ஒன்றை இன்று வெளியேற்றுவது அடுத்த மாதம் நாற்பதை விரட்டுவதைவிடச் சுலபம்.

இரக்கம் என்ற பெயரில் சோம்பல் செய்வதும் இதே வகைதான். அதைச் செய்தவன் நான். இரண்டு மூட்டைப்பூச்சியைப் பார்த்துவிட்டு, பாவம் என்று விட்டேன். சாப்பிடாமல் மாதக்கணக்கில் இருக்கும் பூச்சி அது. மனித ரத்தத்தை நம்பி வாழ்வது, வெளியே விட இடம் கிடையாது. கடைசியில் சூடேற்றும் ஆளை வரவழைத்தோம். 50 டிகிரி செல்சியஸ் தாண்டிய அந்த அறையில் எத்தனை செத்தன என்று எண்ணவில்லை. அதற்கு 'சுத்தம் செய்தல்' என்று பெயர் வைத்துக்கொள்ளவும் இல்லை. 'எண்ணத்தையே வினை என்கிறேன்' என்று புத்தர் உரைகளின் இன்னொரு தொகுப்பான அங்குத்தர நிகாயத்தில் வருகிறது. தெரிந்து செய்ததைத் தெரியாமல் செய்ததாக மாற்ற அதில் இடமில்லை. பயணம் போய் வந்தால் பெட்டியின் தையலோரங்களை இப்போது டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: துடைக்கும்போது தெரியாமல் ஓர் எறும்பு நசுங்கியதற்கு நாள் முழுக்க வருந்துவது. தம்மபதத்தின் முதல் பாட்டுக்கு உரை சொல்லும் கதையில், பார்வையிழந்த சக்குபாலர் என்ற பிக்கு மழை பெய்த மண்ணில் நடக்கும்போது பூச்சிகள் மிதிபட்டுச் சாகின்றன. மற்ற பிக்குகள் புகார் சொல்ல, அவர் அவற்றைப் பார்க்கவில்லை, கொல்லும் எண்ணமும் அவருக்கு இல்லை என்கிறார் புத்தர். கண் தெரிகிறவர்கள் விளக்கைப் போட்டுவிட்டுத் துடைக்கலாம். வீட்டில் வேறொருவர் செருப்பை எடுத்தால் அவருக்குச் சூத்திரம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். அதற்குள் டம்ளரைக் கவிழ்த்துவிடலாம்.

எங்கள் சிங்க்குக்கு மேலே ஆணியில் ஒரு பழைய வாழ்த்து அட்டை தொங்குகிறது. ஓரம் நனைந்து சுருண்டுவிட்டது, டம்ளருக்கடியில் சரியாக நுழைவதில்லை. மாற்ற வேண்டும்.