அரிதான பெண் பெயரின் பூர்வீகத்தைத் தேடுவது எப்படி?

முதலில், பெயருக்கு அர்த்தம் சொல்லும் தளங்களை மூடி வையுங்கள். பெரும்பாலும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. எந்தப் பெயரைப் போட்டாலும் 'அழகானவள்', 'தேவதை' என்றுதான் வரும்.

அந்தப் பெயர் எழுத்தில் முதன்முதலாக எங்கே தென்படுகிறது என்று தேடுங்கள், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். இமோஜென் என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். ஷேக்ஸ்பியரின் சிம்பலின் நாடகம் 1623-இல் அச்சேறியபோது நாயகியின் பெயர் அப்படித்தான் இருந்தது, ஆனால் 1611-இல் நாடகத்தை நேரில் பார்த்த சைமன் ஃபோர்மன் தன் குறிப்பில் 'இன்னோஜென்' என்று எழுதி வைத்திருக்கிறார். அடுத்தடுத்து இருந்த இரண்டு ஆங்கில 'என்' (n) எழுத்துகளை அச்சுக்கோத்தவர் 'எம்' (m) என்று படித்திருக்கலாம் என்பது பல அறிஞர்களின் கணிப்பு. ஓர் அச்சுப்பிழையைத்தான் இன்றுவரை குழந்தைகளுக்கு வைத்துக்கொண்டிருக்கிறார்கள் போல!

சரி, எத்தனை பேருக்கு வைத்திருக்கிறார்கள்? அமெரிக்க சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் குழந்தைப் பெயர்ப் பட்டியல் 1880-இலிருந்து இருக்கிறது. ஆனால் ஒரு வருடத்தில் 5 பேருக்குக் குறைவாக வைத்த பெயர் அதில் வராது, இங்கிலாந்து-வேல்ஸ் பட்டியலில் அந்த வரம்பு 3. அதனால் பட்டியலில் இல்லை என்றால் யாருக்குமே இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அப்புறம், எழுத்துக்கூட்டல் மாறினால் தனிப் பெயராகத்தான் கணக்கு. எல்லாவற்றையும் நீங்களே கூட்டிக்கொள்ள வேண்டும். தரவரிசையை நம்பாமல் எண்ணிக்கையைப் பாருங்கள், அரிதான பெயருக்கு நாலைந்து குழந்தைகள் கூடினாலே நூற்றுக்கணக்கான இடம் தாவிவிடும்.