உத்தரவு வரட்டும் என்று காத்திருத்தல்: காட்டுத்தீக் காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2018 நவம்பர் 8 அன்று காலை ஆறரை மணியளவில் கலிபோர்னியாவின் மலைச்சரிவு ஒன்றில் மூண்ட தீ, அன்றைய பொழுதுக்குள்ளாகவே பாரடைஸ் என்ற ஊரின் பெரும்பகுதியை அழித்துவிட்டது. 85 பேர் உயிரிழந்தனர். 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. அவ்வூரார் ஆயத்தமில்லாமல் இருந்தவர்கள் அல்லர். ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்தப் பகுதியினர் எப்போது வெளியேற வேண்டும் என்று முன்பே வகுத்து, ஒத்திகையும் பார்த்திருந்தார்கள். ஆனால் கைபேசியில் எச்சரிக்கை பெறுவதற்குப் பலர் பதிவு செய்திருக்கவில்லை. பதிவு செய்திருந்தவர்களிலும் பலருக்கு எச்சரிக்கை வந்து சேரவில்லை. கைபேசிக் கோபுரங்களும் தீக்கு இரையாயின.

இத்தகைய பேரிடர்களைப் பற்றிப் படிக்குந்தோறும் எனக்கு ஒன்று உறுதிப்படுகிறது. தகவலே கிடைக்காமல் சிக்கிக்கொள்பவர்களைப் போலவே, கிடைத்த தகவல் போதாது என்று எண்ணி அடுத்ததற்காகக் காத்திருந்து சிக்கிக்கொள்பவர்களும் பலர். கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தக் காத்திருத்தலின் வெவ்வேறு வடிவங்களே.

முதலாவது, ஒரே வழியை நம்பியிருப்பது. கைபேசி இருக்கும்வரை செய்தி வந்துவிடும் என்ற நம்பிக்கை, தீயோடு பலத்த காற்றும் வீசும் நாளில்தான் பொய்த்துப்போகும். ஏனெனில் அதே காற்று மின்கம்பங்களைச் சாய்க்கிறது, மின்சாரம் போனபின் கோபுரங்களும் செயலிழக்கின்றன. 2023 ஆகஸ்ட் 8 அன்று ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மவுயியில் லஹைனா நகரம் எரிந்தபோது மின்சாரமும் கைபேசித் தொடர்பும் துண்டிக்கப்பட்டிருந்தன; அபாயச் சங்குகளோ ஒலிக்கப்படவே இல்லை. ஆகவே உள்ளூர் நிர்வாகத்தின் எச்சரிக்கைச் சேவையில் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் தனித்தனியே பதிவு செய்துகொள்வதோடு, மின்கலத்தில் இயங்கும் ஒரு வானொலியையும் வைத்திருக்க வேண்டும். இரவில் கைபேசியை ஒலியடக்கி வைப்பவர்கள், அவசர எச்சரிக்கை மட்டுமாவது ஒலிக்கும்படி அமைப்புகளை மாற்றிக்கொள்ள வேண்டும். இவற்றைவிட உறுதியானது அக்கம்பக்கத்தாரோடு செய்துகொள்ளும் ஏற்பாடு. யாருக்கு முதலில் தெரிகிறதோ அவர் மற்ற வீடுகளின் கதவைத் தட்டுவது என்றும், தனியாக வாழும் முதியவரை இன்னார் அழைத்துச் செல்வது என்றும் பேசி வைத்திருந்தால், எந்தக் கருவி செயலிழந்தாலும் அந்த ஏற்பாடு நிலைக்கும்.

அடுத்தது, கிடைக்கும் செய்தியைத் தவறாகப் பொருள்கொள்வது. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 'தீ 60 சதவீதம் கட்டுப்படுத்தப்பட்டது' என்ற அறிவிப்பைக் கேட்பவர்கள், நெருப்பில் 60 சதவீதம் அணைந்துவிட்டது என்று எண்ணிக்கொள்கிறார்கள். தீயின் சுற்றெல்லையில் எவ்வளவு தூரத்திற்கு, தீ தாண்டாதபடி எரியக்கூடியவற்றை அகற்றிய தடுப்புக்கோடு அமைக்கப்பட்டிருக்கிறது என்பதையே அந்த எண் குறிக்கிறது. உள்ளே மரங்கள் இன்னும் எரிந்துகொண்டிருக்கலாம், மீதமுள்ள பக்கத்தில் தீ முன்னேறிக்கொண்டும் இருக்கலாம். முழுவதும் கட்டுப்பட்டது என்று சொல்லப்பட்ட தீயும் மீண்டும் எழக்கூடும். லஹைனாவில் அன்று காலையில் ஏற்பட்ட தீ கட்டுக்குள் வந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டிருந்தது. அதன் மிச்சமே பிற்பகலில் காற்றில் மீண்டும் மூண்டு நகரை எரித்ததாகப் பின்னர் நடந்த விசாரணை கண்டறிந்தது.

செயற்கைக்கோள் வரைபடங்களிலும் இதே சிக்கல் உண்டு. இணையத்தில் யாரும் பார்க்கக்கூடிய அவ்வரைபடங்களில் தெரியும் ஒவ்வொரு சிவப்புப் புள்ளியும் சில நூறு மீட்டர் அகலமுள்ள ஒரு சதுரத்தில் வெப்பம் பதிவானதைக் காட்டுகிறதேயன்றி, தீ நிற்கும் சரியான இடத்தைக் காட்டுவதில்லை. அந்தச் செயற்கைக்கோள்கள் ஓரிடத்தைக் கடப்பது நாளில் சில முறைதான். படம் நம் கண்ணுக்கு வருவதற்குள் சில மணி நேரம் ஆகிவிடலாம். அடர்ந்த புகையும் மேகமும் தீயை மறைப்பதுமுண்டு. புள்ளி இன்னும் தொலைவில்தான் இருக்கிறது என்று வீட்டில் அமர்ந்திருப்பவர், உண்மையில் கடந்துபோன பொழுதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பரப்பைப் புரிந்துகொள்ள அந்த வரைபடம் உதவும். புறப்படும் நேரத்தைத் தீர்மானிக்க உதவாது.

எச்சரிக்கைக்கும் உத்தரவுக்கும் உள்ள வேறுபாட்டை அறியாதிருப்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே. பெயர்கள் நாட்டுக்கு நாடு மாறினாலும், பெரும்பாலான அமைப்புகளில் மூன்று படிகள் உள்ளன: விழிப்பாயிருங்கள், புறப்பட ஆயத்தமாகுங்கள், உடனே வெளியேறுங்கள். மூன்றாம் படி வரும்வரை அசையாமல் இருப்பதே முறை என்று பலர் கருதுகிறார்கள். குழந்தைகள், முதியவர்கள், ஆஸ்துமா நோயாளிகள், கால்நடைகள் உள்ள வீட்டார் இரண்டாம் படியிலேயே புறப்பட்டுவிட வேண்டும். தீ விரைந்து பரவும் நாளில் இந்தப் படிகள் வரிசையாக வருமென்ற உறுதியும் இல்லை. முதல் அறிவிப்பே வெளியேறும் உத்தரவாக இருக்கலாம், அல்லது எதுவுமே வராமலும் போகலாம். கண்ணுக்கெட்டிய தொலைவில் தீயைக் கண்டவருக்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை.

எல்லாவற்றிலும் கொடியது, கடைசி நேரத்தில் புறப்படுவது. 2009 பிப்ரவரி 7 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் காட்டுத்தீயில் 173 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் வீடுகளுக்குள் இருந்தவர்கள். இருந்து காப்பாற்றலாமா, போய்விடலாமா என்ற முடிவைத் தீ நெருங்கும்வரை தள்ளிப்போடுவதன் விலை அன்று உலகுக்குத் தெரிந்தது. 2017 ஜூன் மாதம் போர்ச்சுக்கலின் பெத்ரோகாவ் கிராந்தே பகுதியில் இறந்த 66 பேரிலோ பெரும்பாலோர் சாலையில் மாண்டார்கள். வீட்டில் இருந்தவரும் இறந்தார், வெளியேறியவரும் இறந்தார் என்பதைக் கேட்டு எதைச் செய்தாலும் ஒன்றுதான் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இரண்டிடத்திலும் உயிரைக் குடித்தது நேரம் கடந்துபோனதுதான். புகை சாலையை மூடியபின் ஓட்டுநருக்கு முன்னால் செல்லும் வண்டிகூடத் தெரியாது. எல்லோரும் ஒரே சமயத்தில் புறப்பட்டால் அகலமான சாலையும் அடைபட்டுப்போகும்.

ஆகையால் எப்போது புறப்படுவது என்ற முடிவைத் தீக்காலம் தொடங்குமுன்பே, அமைதியான ஒரு நாளில், வீட்டார் அனைவரும் கூடி எடுத்து எழுதி வைக்க வேண்டும். 'நிலைமையைப் பார்த்துக்கொள்ளலாம்' என்பது முடிவாகாது. 'மிகக் கடுமையான தீ அபாயம் என்று முன்னறிவிப்பு வந்தால் அன்று காலையிலேயே குழந்தைகளோடு கிளம்பிவிடுவது', 'இந்த மலைமுகட்டைத் தாண்டிப் புகை தெரிந்தால் அப்போதே கிளம்புவது' என்று, நடுக்கத்திலும் ஐயத்துக்கு இடமில்லாத அடையாளங்களாக அவை அமைய வேண்டும். பத்து முறை புறப்பட்டு ஒன்பது முறை ஒன்றும் நேராமல் திரும்பி வந்தாலும் அது வீண் அலைச்சல் அன்று. வெளியேற இரண்டு வழிகளையாவது பகலிலும் இரவிலும் ஒருமுறை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். மின்சாரம் இல்லாதபோது வண்டிக்கொட்டகையின் தானியங்கிக் கதவைக் கையால் திறக்கும் முறையும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

தீ வேறு திசையில் போகிறது என்று ஆறுதல் கொள்வதும் தவறே. காற்று திசைமாறினால், அதுவரை நீண்டு கிடந்த தீயின் பக்கவாட்டு ஓரம் முழுவதும் புதிய முன்னணியாகிவிடும். விக்டோரியாவில் அன்று மாலை நடந்தது இதுவே. நிலம் பத்து பாகை மேல்நோக்கிச் சரிந்தால் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது தீயணைப்போர் கணக்கு. எனவே மேட்டில் இருப்பதைப் பாதுகாப்பு என்று கருதுவோர் உண்மையில் தீ விரைந்து ஏறிவரும் வழியில் இருக்கிறார்கள்.

வீட்டைப் பொறுத்தவரை, நெருப்புச் சுவர் ஒன்று வந்து மோதுவதாகவே பலரும் கற்பனை செய்கிறார்கள். பெரும்பாலான வீடுகள் எரிவது காற்றில் பறந்து வரும் கங்குகளால்தான். அவை தீ முனையிலிருந்து கிலோமீட்டர்க் கணக்கில் பறந்து வந்து, கூரையோரத் தாரைகளில் தேங்கிய சருகிலும், சுவரோரம் அடுக்கிய விறகிலும், காற்றோட்டத் துளைகளிலும் விழுந்து கனன்று பிடிக்கின்றன. ஆதலால் தொலைவிலுள்ள மரங்களை வெட்டுவதைவிட, சுவரை ஒட்டிய ஒன்றரை மீட்டர் பரப்பில் எரியக்கூடிய எதுவுமே இல்லாமல் வைத்திருப்பது முதல் வேலையாக வேண்டும். காற்றோட்டத் துளைகளுக்கு நெருக்கமான கம்பிவலை தேவை. புறப்படும்போது குழாய்களைத் திறந்து கூரையில் நீர் பாயவிட்டுச் செல்வது நல்லெண்ணத்தால் செய்யப்படும் தீங்கு. தெரு முழுவதும் அவ்வாறு செய்தால் தீயணைப்போருக்கு வேண்டிய நீரழுத்தம் குறைந்துவிடும்.

தீ எட்டாத ஊரிலும் புகை எட்டும். 2023 ஜூன் மாதம் கனடாவின் காடுகளில் எழுந்த புகை நியூயார்க்கின் வானத்தை ஆரஞ்சு நிறமாக்கியது. ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொள்வது இதற்குப் போதாது. இரண்டரை மைக்ரானுக்கும் குறைந்த துகள்களைத் துணி தடுப்பதில்லை. முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும் என்95 முகக்கவசமே தேவை. காற்றுத்தரக் குறியீட்டைத் தினமும் பார்ப்பதும், ஓர் அறையையாவது சன்னல்களை மூடிக் காற்றுச் சுத்திகரிப்பானுடன் வைத்திருப்பதும், அந்நாட்களில் மெழுகுவர்த்தியோ ஊதுவத்தியோ ஏற்றாமல் இருப்பதும் நன்று.

கையில் எடுத்துச் செல்லும் பையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மருந்துகள், ஆவணங்களின் நகல், குடிநீர், மின்னேற்றி, கைவிளக்கு, மூக்குக்கண்ணாடி ஆகியவை போதும். உடுத்துவது பருத்தியாகவோ கம்பளியாகவோ இருக்கட்டும்; செயற்கை இழை வெப்பத்தில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். வண்டியின் எரிபொருள் பாதிக்குக் கீழே இறங்கவே கூடாது.

இறுதியாக, அனுமதி கிடைக்குமுன் திரும்பிச் செல்வது. மேலே சாம்பல் ஆறியிருந்தாலும் மண்ணுக்கடியில் மரவேர்கள் பல நாட்கள் கனன்றுகொண்டிருக்கும். கால் வைத்தால் உள்வாங்கிச் சுட்டுவிடும். எரிந்த ஊர்களின் நீர்க்குழாய்களில் பென்சீன் என்ற நச்சு வேதிப்பொருள் கலந்திருப்பது பாரடைஸில் கண்டறியப்பட்டது. அது கொதிக்கவைத்தால் தீரும் கேடு அன்று. கொதிக்கும்போது நஞ்சு ஆவியாகி வீட்டுக்குள்ளேயே பரவும். பரிசோதித்து முடித்ததாக அறிவிப்பு வரும்வரை அந்த நீரைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்தாமல், வெளியிலிருந்து கொண்டுவந்த நீரையே பயன்படுத்த வேண்டும்.