கையெழுத்திடும் முன்: கட்டட ஒப்பந்தத்தை நிர்வகிக்கும் கட்டடக் கலைஞர் செய்ய வேண்டியவை

கட்டடம் எழும்பும் மாதங்களில் கட்டடக் கலைஞர் இடும் கையெழுத்துகள் பெரும்பாலும் பில்லுக்கு, மாற்றத்துக்கு, நிறைவுக்கு என மூன்று வகைப்படும். வழக்கு என்று வந்தால் வரைபடத்தைவிட இந்தக் கையெழுத்துகளைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள். ஆகவே கண்ணால் பார்த்ததற்கும் அளந்ததற்கும் மட்டுமே கையெழுத்திடுங்கள். பார்த்ததை அன்றைக்கே எழுதிவையுங்கள்.

முதலில் உரிமையாளரோடு செய்துகொள்ளும் உடன்படிக்கையைச் சீர்செய்யுங்கள். நம் ஊரில் ‘மேற்பார்வை’ என்ற ஒரே சொல்லை, வாரம் ஒருமுறை வந்து பார்ப்பதற்கும் நாள் முழுவதும் பணியிடத்தில் நிற்பதற்கும் பயன்படுத்துகிறோம். அந்தச் சொல்லை மட்டும் எழுதிவிட்டால், உரிமையாளர் இரண்டாவது பொருளை எதிர்பார்ப்பார். நீங்கள் முதலாவதற்கான கட்டணத்தை வாங்கியிருப்பீர்கள். எந்தெந்தக் கட்டங்களில் வருவீர்கள், பணியிடப் பொறியாளரை யார் நியமிப்பார், அவருக்குச் சம்பளம் யார் தருவார் என்று வெளிப்படையாக எழுதுங்கள். உரிமையாளர் சார்பில் செயல்படும்போது நீங்கள் அவருடைய முகவர். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 212இல், அதே தொழிலில் இருப்பவர்களுக்குப் பொதுவாக உள்ள திறமையோடும் நியாயமான கவனத்தோடும் முகவர் செயல்பட வேண்டும் என்றும், கவனக்குறைவால் நேரடியாக விளையும் இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. சட்டம் கேட்பது சராசரித் தொழில்திறமையைத்தான். ‘குறையே இல்லாமல் கட்டித்தருவேன்’ என்று உடன்படிக்கையில் எழுதி, அந்த அளவுகோலை நீங்களே உயர்த்திக்கொள்ளாதீர்கள்.

பில்லைச் சான்றளிக்கும்போது மட்டும் நிலை சற்று மாறுகிறது. சம்பளம் தருபவர் உரிமையாளரே ஆனாலும், அங்கே ஒப்பந்ததாரருக்கும் நீதி செய்தாக வேண்டும். உரிமையாளரிடம் பணம் இல்லை என்பதற்காகச் செய்த வேலையின் மதிப்பைக் குறைத்து எழுதக் கூடாது. கூட்டியும் எழுதக் கூடாது என்பதற்கு, 1974இல், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த இங்கிலாந்துப் பிரபுக்கள் அவை அளித்த சட்க்ளிஃப் எதிர் தாக்ரா தீர்ப்பு நல்ல சான்று. ஒரு வீட்டுப் பணியில் சரியாகச் செய்யாத வேலைக்கும் சேர்த்து இடைக்காலச் சான்றிதழ்கள் தரப்பட்டன. பிறகு ஒப்பந்ததாரர் நொடித்துப்போனதால், கூடுதலாகக் கொடுத்த பணத்தை உரிமையாளரால் அவரிடமிருந்து மீட்க முடியவில்லை. நடுவரைப் போலச் செயல்பட்டதால் தங்கள் மீது வழக்குத் தொடுக்க முடியாது என்ற கட்டடக் கலைஞர்களின் வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை.

எனவே வேலை நடக்க நடக்க வரும் ஒவ்வொரு இடைக்கால பில்லுக்கும் (ரன்னிங் பில்) முன்னால் ஒப்பந்ததாரரின் ஆளோடு சேர்ந்து அளவெடுத்து, அளவுகளைப் பதியும் புத்தகமான எம்-புக்கில் இருவரும் கையெழுத்திடுங்கள். மண்ணுக்கும் கான்கிரீட்டுக்கும் உள்ளே மறையப்போகும் அஸ்திவார ஆழத்தையும் கம்பியையும் மூடுவதற்கு முன்பே அளந்துவிடுங்கள். குறையுள்ள வேலையை பில்லிலிருந்து கழித்து, காரணத்தையும் எழுதுங்கள். அடுக்குமாடித் திட்டம் என்றால் எச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவை: 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, வாங்குபவர்களின் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்கும், வேலை எவ்வளவு முடிந்தது என்று கட்டடக் கலைஞர், பொறியாளர், பட்டயக் கணக்காளர் ஆகியோர் சான்றளித்த பிறகே அதை எடுக்க முடியும். அங்கே நீங்கள் கூட்டி எழுதும் ஒவ்வொரு சதவீதமும் முகம் தெரியாத பல குடும்பங்களின் சேமிப்பு.

தளம் போடும் நாளில் நான் முதலில் போய்ப் பார்க்கும் இடம் பால்கனி. அதன் முதன்மைக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். ஆனால் கான்கிரீட் சட்டியோடு நடக்கும் ஆட்கள் மிதித்து மிதித்து அது கீழே அமுங்கிவிடும். 150 மில்லிமீட்டர் தடிமனுள்ள தளத்தில் அந்தக் கம்பி 50 மில்லிமீட்டர் இறங்கினால், வலுவில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். தளத்தைத் தாங்கும் முட்டுகளைப் பிரிக்கும் வரை வெளியில் எதுவும் தெரியாது. மேல் கம்பியை உயரத்தில் தாங்கும், வளைத்த கம்பியாலான ‘சேர்’ போதுமான அளவில் இருக்கிறதா என்று பார்த்து, நடப்பதற்குப் பலகை போடச் சொல்லி, அளவுநாடாவோடு படமும் எடுத்துவையுங்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456இன்படி 6 முதல் 15 கன மீட்டர் வரையான கான்கிரீட்டுக்கு 2 மாதிரிகள், மாதிரிக்கு 3 சோதனைக் கட்டிகள் வேண்டும். அவற்றின் மீது தேதியை எழுதுவது உங்கள் கண்முன்னே நடக்கட்டும்.

மாற்றங்களுக்கு வாய்மொழி ஒப்புதல் தரவே தராதீர்கள். 1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் ஹயாத் ரீஜென்சி விடுதியின் தொங்கு நடைபாதைகள் இடிந்து 114 பேர் இறந்தார்கள். இரண்டு நடைபாதைகளையும் ஒரே நீளக் கம்பியில் தொங்கவிடுவதாக இருந்த அமைப்பு, செய்வதற்கு எளிது என்பதால் இரண்டு கம்பிகளாக மாற்றப்பட்டது. மேல் நடைபாதையின் இணைப்பு இரட்டிப்புச் சுமையைத் தாங்க வேண்டியதாயிற்று. தொலைபேசியில் கேட்டு ஒப்புதல் பெற்றதாக உற்பத்தியாளர் சொல்ல, அப்படி அழைப்பே வரவில்லை என்று பொறியியல் நிறுவனம் மறுத்தது. ஆயினும் உற்பத்தியாளர் தயாரித்த பட்டறை வரைபடங்களில் அந்நிறுவனத்தின் பரிசீலனை முத்திரை இருந்தது. பொறியாளர்கள் உரிமத்தை இழந்தார்கள். இன்று வாட்ஸ்அப்பில் வரும் படத்துக்கு நாம் அனுப்பும் ‘ஓகே’யும் அத்தகைய முத்திரைதான். கணக்கைப் பாருங்கள், கட்டமைப்புப் பொறியாளரிடம் அனுப்புங்கள், தேதியிட்ட பதிலாகத் தாருங்கள்.

வேலையை எந்த முறையில் செய்வது என்பது ஒப்பந்ததாரரின் பொறுப்பு. சாரம் கட்டுவது, முட்டு நடுவது பற்றி நீங்கள் கட்டளையிடத் தொடங்கினால் அந்தப் பொறுப்பில் ஒரு பங்கு உங்கள் மேல் விழும். அதற்காக ஆபத்தைக் கண்டும் பேசாமல் இருப்பது சரியல்ல. தாங்கும் சுவர்களுக்கோ உத்திரங்களுக்கோ இடையே 4.5 மீட்டருக்கு மேல் நீளும் தளத்தின் முட்டுகளை, ஐ.எஸ். 456 சொல்லும் 14 நாளுக்கு முன்பே பிரிக்கிறார்கள் என்றால், அங்கேயே தடுத்து, ஆட்களை வெளியே வரச் சொல்லி, உரிமையாளருக்கும் ஒப்பந்ததாரருக்கும் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள்.

நிறைவுச் சான்றிதழைக் கிரகப்பிரவேசத் தேதிக்காக அவசரமாகத் தராதீர்கள். மீதிக் குறைகளைப் பட்டியலிட்டு அதனோடு இணைத்து, பில்களில் பிடித்தம் செய்து வைத்த தொகையில் அவற்றுக்குத் தேவையானதை நிறுத்திவையுங்கள். ரியல் எஸ்டேட் சட்டம், வீட்டை ஒப்படைத்து 5 ஆண்டுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறையைத் திட்ட மேம்பாட்டாளரே சரிசெய்ய வேண்டும் என்கிறது. அவர் அடுத்துத் தேடிவரும் ஆள் நீங்களாக இருக்கலாம். எம்-புக், கட்டிச் சோதனை அறிக்கை, கடிதங்கள், படங்கள் அனைத்தையும் அந்தக் காலம் கடந்தும் பத்திரப்படுத்துங்கள்.