தோல் மட்குமா? உங்கள் பழைய பெல்ட்டை வைத்தே பார்த்துவிடலாம்

தோல் பொருள்தானே, மண்ணில் போட்டால் மட்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பச்சைத் தோல் சீக்கிரமே அழுகிவிடும், உண்மைதான். ஆனால் அது அழுகக் கூடாது என்றுதானே பதனிடுகிறார்கள்! அதனால் எதைப் போட்டுப் பதனிட்டார்கள் என்று பார்க்காமல் பதில் சொல்ல முடியாது.

முதலில் வெட்டின ஓரத்தைப் பாருங்கள். அடியில் துணி தெரிந்தால் பெரும்பாலும் ரெக்சின், அதாவது பிளாஸ்டிக், அது மட்காது. நார் நாராக இருந்து நடுவில் வெளிர்நீலமோ சாம்பலோ தெரிந்தால் குரோம் தோலாக, அதாவது குரோமியம் உப்பில் பதனிட்டதாக இருக்கலாம். உள்வரை பழுப்பாக இருந்தால் ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றில் பதனிட்ட பட்டைத் தோலாக இருக்கலாம். சாயம் உள்ளே இறங்கியிருந்தால் கண் ஏமாந்துவிடும். அப்போது ஒரு சின்னத் துண்டை வெட்டி, சமையலுக்கு எடுக்காத பாத்திரத்தில் கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிடம் போடுங்கள். பட்டைத் தோல் 70-85 டிகிரியிலேயே சுருங்கும் என்பதால் சுருண்டு விறைத்துவிடும், நல்ல குரோம் தோல் பெரிதாக மாறாமல் வெளியே வரும்.

எரித்துப் பார்க்க மட்டும் வேண்டாம், தயவுசெய்து. தோலில் உள்ள குரோமியம் எரியும்போது புற்றுநோய் தரும் வடிவத்துக்கு மாறக்கூடும். குப்பையோடு சேர்த்துக் கொளுத்தினாலும் அதே கதிதான்.

மட்குவதை மட்டும் பார்த்தால் பாதிக் கணக்குதான். பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை டேனரிகளின், அதாவது தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுசாகவோ பாதியாகவோ கெட்டுப்போனதை 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே எடுத்துச் சொன்னது. பட்டையில் பதனிட்டால் குரோமியம் இல்லை, சரி, ஆனால் பச்சைத் தோல் கெடாமலிருக்கப் போடும் உப்பு எப்படியும் கழிவுநீரில்தான் இறங்கும், அதை நிலத்திலிருந்து எடுப்பது லேசான காரியமில்லை. அதனால் கையிலிருக்கும் தோல் பொருளை எத்தனை வருஷம் ஓட்ட முடியுமோ அத்தனை வருஷம் ஓட்டுங்கள், அறுந்தால் தைத்துப் போடுங்கள்.

இனி முடியவே முடியாது என்றால், பட்டைத் தோலில் பக்கிள், நைலான் நூல், ரப்பர் எல்லாவற்றையும் பிரித்தெடுத்து, பொடிப்பொடியாக நறுக்கி, ஈரமான மண்ணில் மரத்தடியில் புதையுங்கள். மட்க நாளாகும், அவசரப்படாதீர்கள். மேலே பளபளவென்று பிளாஸ்டிக் பூச்சு இருந்தால் புதைக்காதீர்கள். குரோம் தோலைக் காய்கறித் தோட்டத்திலோ உரக்குழியிலோ போடவே கூடாது, செருப்பு தைப்பவரிடம் கொடுத்தால் ஒட்டுப் போடவாவது எடுத்துக்கொள்வார். அவரும் வேண்டாம் என்றால் உலர் குப்பையில் தனியாகக் கட்டிக் கொடுத்துவிடுங்கள்.