டேர்போ வாகனத்துக்கு இலத்திரனியல் பூஸ்ட் கொன்ட்ரோலரைத் தெரிவு செய்யும் முறை

யாழ்ப்பாணத்து வீதிகளில் காணப்படும் பெற்றோல் டேர்போ வாகனங்களிற் பல, ஜப்பானிலிருந்து வந்த 660 சிசி சுசுக்கி கார்களும் எவ்ரி வான்களுமாகும். அவற்றை வைத்திருப்போருக்காகவே இதை எழுதுகிறேன். டேர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் மேலதிக அழுத்தமே பூஸ்ட்; அதைக் கூட்டிக் கட்டுப்படுத்தும் கருவியே பூஸ்ட் கொன்ட்ரோலர். டீசல் வான்களிற் பலவற்றில், டேர்போவுக்குப் போகும் புகையைத் திருப்பிவிடும் கதவான வேஸ்ட்கேட்டே கிடையாது. அவற்றுக்கு இந்தக் கருவி பொருந்தாது.

முதலில், கருவி செய்யும் வேலையைப் புரிந்துகொள்ளுங்கள். பூஸ்ட் குறித்த அழுத்தத்தை எட்டியதும், வேஸ்ட்கேட்டை இயக்கும் ஆக்சுவேட்டரின் ஸ்பிரிங் அமுங்கி அது திறக்க, எஞ்சினின் புகையில் ஒரு பகுதி டேர்போவைச் சுழற்றாமலே வெளியேறிவிடும். கொன்ட்ரோலர் மின்சாரத்தால் இயங்கும் ஒரு சொலினொயிட் வால்வைச் செக்கனுக்குப் பல தடவை திறந்து மூடி, ஆக்சுவேட்டருக்குப் போகும் அழுத்தத்தைக் குறைத்து, அந்தத் திறப்பைத் தாமதப்படுத்துகிறது. ஆகவே ஸ்பிரிங் 0.7 பாருக்கு உரியதாயின், எத்தனை விலையுயர்ந்த கொன்ட்ரோலராலும் பூஸ்டை 0.5 பாருக்கு இறக்க முடியாது.

இரண்டாவதாக, பொனற்றைத் திறந்து, ஆக்சுவேட்டருக்குச் செல்லும் மெல்லிய ஹோஸை விரலால் தொடர்ந்து சென்று பாருங்கள். இடையில் மின்கம்பி பூட்டிய சிறு வால்வு இருந்தால், உங்கள் வாகனத்தின் கணினியே பூஸ்டைக் கட்டுப்படுத்துகிறது என்று பொருள். அத்தகைய வாகனத்துக்குத் தனிக் கருவி வாங்குவதைவிடக் கணினியின் நிரலை மாற்றுவதே மேல் என்பது என் கருத்து.

மூன்றாவது, கருவியின் அழுத்த உணரி எவ்வளவு வரை அளக்கும் என்பது. கடைக்காரர்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. 3 பார் உணரி என்றால் 3 பார் பூஸ்டை அளக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அதில் ஏறத்தாழ 1 பார் நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தமாதலால், பூஸ்டுக்கு எஞ்சுவது 2 பார் மட்டுமே. ஜப்பானியக் கருவிகள் கிலோபஸ்காலில் காட்டக்கூடும். 100 கிலோபஸ்கால் 1 பார், அதாவது 14.5 பிஎஸ்ஐ.

நான்காவதாக, பூஸ்ட் எல்லை மீறினால் தானாகவே குறைத்துவிடும் பாதுகாப்பு வசதியும், உணரி காட்டும் அழுத்தத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் வசதியும் உள்ளனவா என்று கேளுங்கள். ஒவ்வொரு கியருக்கும் வெவ்வேறு பூஸ்ட் என்பது புதியவருக்குத் தேவையற்ற ஆடம்பரம். ஜப்பானில் பாவித்துக் கழித்த கிரெடி, எச்.கே.எஸ். ஆகிய வர்த்தக நாமங்களின் கருவிகளை வாங்குவதாயின், திரை மட்டுமன்றி வால்வு, உணரி, வயர்த் தொகுதி ஆகிய அனைத்தும் பெட்டியில் இருக்கின்றனவா எனப் பாருங்கள். வயர் வெட்டப்பட்டிருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

பூட்டும்போது வால்வை டேர்போவின் சூட்டிலிருந்து விலக்கி வைத்து, ஹோஸ்களை இயன்றவரை குறுக்கி, கிளிப் இறுக்குங்கள். ஹோஸ் கழன்றால் வேஸ்ட்கேட் திறவாது. பூஸ்ட் கட்டுக்கடங்காமல் ஏறும்.

பெற்றோல் 92 ஒக்ரேனா 95 ஒக்ரேனா என்பதையும் முன்கூட்டியே தீர்மானியுங்கள். சித்திரை வெயிலில் உள்ளிழுக்கப்படும் காற்று சூடாக இருக்கும்போது, 92 ஒக்ரேனுடன் பூஸ்டைக் கூட்டினால் எரிபொருள் தானாக வெடித்து எஞ்சின் நொக் அடிக்கும். காற்று–எரிபொருள் விகிதத்தைக் காட்டும் மானியைப் பூட்டிய பின்னர், ஸ்பிரிங்கின் அழுத்தத்திலிருந்து தொடங்கி 0.05 பார் வீதம் கூட்டுங்கள். எரிபொருள் போதாமையை மானி காட்டிய உடனேயே, அல்லது நொக் சத்தம் கேட்டவுடனேயே, முந்தைய அளவுக்கு இறக்கி அங்கேயே நிறுத்திவிடுங்கள்.