வேலூர் மலைகளில் புவியியல் வரைபடம்: நான் செய்த, நீங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆற்றில் தண்ணீர் இல்லை, மலையில் மரம் இல்லை என்று வேலூரைக் கேலி செய்வது பழைய வழக்கம். எந்த இடத்தில் என்ன பாறை என்று காட்டும் புவியியல் வரைபடம் போட வருகிறவருக்கு இரண்டுமே வரம். மொட்டை மலையில் பாறை தெளிவாகத் தெரியும். வறண்ட பாலாற்றில் மணலோடு நடந்தே அக்கரை போகலாம்.

அந்த வரத்தை நம்பித்தான் என் முதல் வருடத்தைக் கெடுத்துக்கொண்டேன். ஒரு மலையில் பார்த்த பாறையை எதிரே இருந்த மலை வரை இழுத்து, நடுவில் இருந்த ஏரி, நெல் வயல், தென்னந்தோப்பு எல்லாவற்றுக்கும் அடியில் அதே நைஸ் என்ற வரிவரியான பாறைதான் என்று வண்ணம் தீட்டிவிட்டேன். சரிபார்க்க வந்த மூத்தவர் ஒரே ஒரு விவசாயக் கிணற்றை எட்டிப் பார்த்தார். "என்னப்பா, உன் மேப்புல நைஸ். கிணத்துல கருப்பா டோலரைட் நிக்குதே?" என்றார். டோலரைட் என்பது பிளவில் குழம்பாகப் புகுந்து இறுகிய கரும்பாறை. என்னிடம் பதில் இல்லை. அந்தக் கிணற்றைத் தாண்டி நான் மூன்று முறை போயிருந்தேன்.

இந்தப் பக்கத்து சமவெளியில் பாறையைப் பார்க்க கிணற்றைவிட நல்ல இடம் கிடையாது. மண், சிதைந்த பாறை, அதன் கீழே கெட்டிப்பாறை என்று மூன்றும் சுவரில் வரிசையாக இருக்கும். தண்ணீர் நிறைந்திருந்தால் பக்கத்தில் கிடக்கும் வெட்டுக்கல் குவியலைப் பாருங்கள். அடியில் இருந்தது அங்கே மேலே கிடக்கும். கிணறும் இல்லை, குவியலும் இல்லை என்றால் பாறைகளின் எல்லைக்கோட்டை இடைவெளி விட்டு விட்டுப் போடுங்கள். முழுக்கோடு என்றால் கண்ணால் பார்த்தது, விட்ட கோடு என்றால் ஊகித்தது. வரைபடம் படிக்கிறவருக்கு நாம் கொடுக்கும் வாக்கு அது ஒன்றுதான்.

வேலையைப் பற்றி இரண்டு வரி. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் 1851-ல் தொடங்கியது. இன்று அது போடும் அடிப்படை வரைபடங்கள் 1:50,000 அளவு, அதாவது தரையில் 1 கி.மீ. தாளில் 2 செ.மீ. ஒரு டோபோஷீட், அதாவது நாம் வேலை செய்யும் நிலப்பட வரைதாள், நம் பக்கத்தில் சுமார் 750 சதுர கி.மீ. தாளில் 1 மி.மீ. என்பது 50 மீட்டர். அப்படியானால் 10 மீட்டர் அகல டோலரைட் சுவர், அதாவது டைக், தாளில் மயிரிழை. படத்தில் பெரிதாக்கித்தான் காட்ட முடியும், ஆனால் உண்மை அகலத்தை நோட்டில் எழுதாமல் வந்துவிட்டால் மறுபடி அங்கே போக வேண்டியதுதான்.

கிளம்பும் முன் பழைய அறிக்கைகளைப் படிக்காதது இன்னொரு தவறு. நாம்தான் முதல் ஆள் என்ற நினைப்பு எல்லோருக்கும் வரும். அதே நிறுவனத்தில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட் பாலாற்றுக்கு வடக்கே சென்னை, வட ஆற்காடு பகுதிகளின் புவியியலை 1873-லேயே எழுதி வெளியிட்டிருக்கிறார். பழைய அறிக்கைகளில் தேடும்போது மாவட்டப் பெயரிலும் கவனம் வேண்டும். வட ஆற்காடு 1989-ல் இரண்டானது. வேலூர் 2019-ல் மூன்றாகி ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியே போயின.

அப்புறம், ரோட்டை விட்டு இறங்காத நோய். வாணியம்பாடியிலிருந்து வேலூர் வரை நெடுஞ்சாலை ஏறக்குறைய வடகிழக்காகப் போகிறது. பாறையின் வரிப்போக்கும், அதாவது அதன் வரிகள் தரையில் ஓடும் திசையும், இந்தப் பக்கம் பெரும்பாலும் அதே திசைதான். ஜீப்பிலேயே போனால் நாள் முழுக்க ஒரே பாறையைப் பார்த்துவிட்டு, மாற்றமே இல்லை என்று எழுதுவீர்கள். வரிப்போக்குக்குக் குறுக்கே நடக்க வேண்டும். குறுக்கே என்றால் முள்ளுக்காடும் கரும்புத் தோட்டமும்தான். வேறு வழியில்லை.

திசைமானியை டோலரைட் மேல் வைத்து அளக்காதீர்கள், அதில் காந்த இரும்புத் தாது உண்டு. சுத்தியலும் கைப்பேசியும் பக்கத்தில் இருந்தாலும் முள் திரும்பும். அதேபோல் ஜிபிஎஸ் காட்டும் எண்ணை அப்படியே பழைய டோபோஷீட்டில் குறிக்கக் கூடாது. அந்தத் தாள்கள் பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் என்ற பழைய கணக்கை அடிப்படையாக வைத்துப் போட்டவை, ஜிபிஎஸ் வேறு அடிப்படை. மாற்றாமல் குறித்தால் புள்ளி நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்து ஏரிக்கரைப் பாறை ஏரிக்குள் விழும்.

இனி பாறை. ஊரில் எல்லாமே கருங்கல். வியாபாரத்தில் எல்லாமே கிரானைட், டோலரைட்கூட 'பிளாக் கிரானைட்' ஆகிவிடும். இரண்டையும் நம்பாதீர்கள். சார்னோகைட் என்ற பாறை வெயில் பட்ட தோலில் பழுப்பாக, பக்கத்து நைஸ் மாதிரியே இருக்கும். உடைத்தால்தான் எண்ணெய் தடவியது போன்ற பச்சை கலந்த கருஞ்சாம்பல் தெரியும். கொல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறைக் கல்லை வைத்து புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் இந்தப் பெயரைச் சூட்டினார். கல் போனது நம் பல்லாவரம் பக்கத்திலிருந்து, பெயர் மட்டும் அங்கிருந்து வந்தது! சார்னோகைட்டும் நைஸும் பல இடங்களில் மெல்ல மெல்ல ஒன்றில் ஒன்று கரையும். அங்கே கத்தியால் வெட்டியது போல எல்லை போடுகிறவர் மலை ஏறாதவர் என்று அர்த்தம்.

வரப்பில் வரிசையாகக் கருங்கல் கிடந்தால் உடனே டைக் என்று எழுதாதீர்கள். உழவுக்கு இடைஞ்சல் என்று விவசாயி பொறுக்கிப் போட்டதாக இருக்கலாம். கல் தரையோடு ஒட்டியிருக்கிறதா, உருண்டு வந்ததா என்று பாருங்கள்.

திருப்பத்தூர் பக்கம் போனால் இன்னொரு பொறி. செவ்வாத்தூரில் கார்பனடைட் இருக்கிறது, எரிமலைக் குழம்பு போல ஆழத்திலிருந்து வந்த சுண்ணப்பாறை. அதோடு வெர்மிகுலைட்டும் உண்டு, சூடாக்கினால் புழு போல நெளிந்து உப்பும். அமிலம் விட்டால் நுரைக்கும் கல்லைத் தேடிக்கொண்டு போனால், வயல் மண்ணில் சுண்ணாம்பு கட்டியாகிக் கிடக்கும் சாதாரண சுக்கான்கல்தான் முதலில் பொங்கி நுரைக்கும். இரும்பும் மக்னீசியமும் கலந்த கார்பனடைட்டோ சும்மா இருக்கும். அதைப் பொடியாக்கி விட்டால்தான் நுரை வரும். நுரை வந்ததும் துள்ளிக் குதித்த நான் முதல் நாள் மூட்டை கட்டிக்கொண்டு வந்தது முழுக்க சுக்கான்கல். (அருகே ஏலகிரி மலையில் இருப்பது சையனைட் என்ற பாறை. அறைக்கு வந்து சொன்னபோது விஷம் என்று நினைத்து வீட்டுக்காரம்மா பயந்துபோனார்.)

எங்கே எந்தத் தனிமம் எவ்வளவு என்று பார்க்கும் புவிவேதியியல் மாதிரி எடுக்கும்போது நடக்கும் தவறு அதைவிடக் கெட்டது, ஏனென்றால் ஆய்வகம் அதை எண்ணாக்கிவிடும். 1 கி.மீ.க்கு 1 கி.மீ. கட்டம் பிரித்து ஓடை வண்டலை எடுத்து, நான்கு கட்டத்தைச் சேர்த்து ஒரு மாதிரியாக்குவது முறை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் பதனிடும் கழிவு கலந்த வாய்க்காலில் எடுத்தால் குரோமியம் எகிறும். பாறையில் குரோமைட் என்ற குரோமியத் தாது இருக்கிறது என்று யாரோ ஒருவர் சந்தோஷப்படுவார். சின்ன ஓடைகளுக்குப் போங்கள், பாலத்துக்கும் ஊருக்கும் மேற்புறமாக எடுங்கள். பித்தளைச் சல்லடை வேண்டாம், செம்பும் துத்தநாகமும் அதிலிருந்தே வரும். கையில் மோதிரம் இருந்தால் கழற்றி வையுங்கள்.

மாலையில் அறைக்கு வந்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்ட குறிப்பு எதுவும் சரியாக இருந்ததில்லை. பாறைக்குப் பக்கத்தில் நின்றே எழுதுங்கள். மாதிரி எண்ணைப் பையிலும் எழுதுங்கள், கல்லிலும் எழுதுங்கள்.

காலக் கணக்கும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை முடிந்து, பொங்கலுக்குப் பிறகு அறுவடையான வயல்கள்தான் நமக்கு வாசல். ஏப்ரலுக்குள் சமவெளியை முடிக்காவிட்டால் கத்திரி வெயிலில் பாறையில் கை வைக்க முடியாது. நுண்ணோக்கியில் பார்க்க 0.03 மி.மீ. தடிமனுக்குத் தேய்க்கும் பாறைச் சீவல்களை அவ்வப்போது அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாவற்றையும் கடைசியில் மொத்தமாக அனுப்பினால், பாறையின் பெயர் தப்பு என்று தெரியும்போது மலைக்குத் திரும்ப நாள் இருக்காது.

ஜவ்வாது மலைக் காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதிக் கடிதம் இல்லாமல் நுழையாதீர்கள். சந்தனமர மலையில் சுத்தியலும் சாக்குமாக ஒருவன் நடந்தால் என்ன நினைப்பார்கள்? ஊருக்குள் நுழையும் முன் விஏஓவிடம் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் நிலம் எடுக்க வந்திருக்கிறார்கள் என்று மதியத்துக்குள் பரவிவிடும். எந்த ஊரிலும் கடைசிக் கேள்வி, "சார், போர் போட்டா எங்க தண்ணி கிடைக்கும்?" என்பதுதான். மரியாதைக்காக எதையாவது கைகாட்டிவிட்டு வராதீர்கள், அவர் நகையை அடகு வைத்துப் போர் போடுவார். "இதுக்கு முன்னாடி போட்ட போர்ல எத்தனாவது அடில பாறை வந்துச்சுங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். அடிக்கணக்கோடு, என்ன நிறத் தூள் வந்தது என்பது வரை சொல்வார். சொன்னதை அவர் முன்னாலேயே நோட்டில் எழுதி, 'கேட்டது' என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.