கேட்டில் திரும்பும் டிரெய்லர்கள்: அலுவலகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னைத் துறைமுகத்தின் கேட்டில் ஒரு டிரெய்லர் ஓரங்கட்டப்பட்டால் பழி முதலில் ஓட்டுநர் மேல்தான் விழும். எனக்கு இது பொறுக்கவே பொறுக்காது. அவர் கையில் இருக்கும் தாளில் உள்ள பிழை, அவர் சாவியைத் திருகுவதற்கு முன்பே வண்டியை அனுப்பும் அலுவலகத்தில் நடந்துவிட்டது.

கன்டெய்னர் எண்ணிலிருந்தே தொடங்குகிறேன். நான்கு எழுத்து, ஏழு இலக்கம். ஏழாவது இலக்கத்தைக் கன்டெய்னர் கதவில் கட்டம் போட்டு எழுதியிருப்பார்கள். அதனால் அது ஏதோ உபரி என்று நினைத்துச் சிலர் ஆறு இலக்கத்தோடு செய்தியை அனுப்பிவிடுகிறார்கள். உண்மையில் அதுதான் காவல்காரன். முன்னால் உள்ள பத்தையும் வைத்துக் கணக்கிட்டு வருவது. சி.எஸ்.கியூ.யு. 305438 என்ற எண்ணுக்குச் சரிபார்ப்பு இலக்கம் 3. தொலைபேசியில் கேட்டு எழுதியவர் 350438 என்று மாற்றிவிட்டால் அது 8 ஆகிவிடும். பதினொன்றையும் தட்டச்சு செய்து சரிபார்த்தால் பிழை மேசையிலேயே பிடிபடும். எண்ணைக் காதால் வாங்காதீர்கள். கதவின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். கதவைப் பூட்டி முத்திரையிடும் சீலின் எண்ணுக்கும் இதேதான். பெட்டியைத் துறைமுகத்துக்குள் விடுவதற்கான படிவமான ஃபாரம் 13-இல் ஒன்றும் கதவில் வேறொன்றும் இருந்தால் கேட்டில் விடமாட்டார்கள். அதைத் திருத்தும் அதிகாரம் ஓட்டுநருக்கு இல்லை. திருத்தக்கூடியவரோ இரவு 11 மணிக்குத் தொலைபேசியை எடுப்பதில்லை.

எடையிலும் குழப்பம் உண்டு. 2016 ஜூலை 1 முதல், சரிபார்க்கப்பட்ட மொத்த எடை இல்லாமல் ஏற்றுமதிக் கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றக்கூடாது. இன்வாய்ஸில் உள்ள சரக்கு எடையை அப்படியே எழுதிக் கொடுப்பது தவறு. பெட்டியின் சொந்த எடை, பேக்கிங், உள்ளே முட்டுக்கொடுத்த மரக்கட்டைகள் எல்லாம் சேர்ந்ததுதான் மொத்த எடை.

கட்-ஆஃப் நேரத்தை, அதாவது பெட்டி துறைமுகத்துக்குள் போய்ச் சேர வேண்டிய கடைசி நேரத்தை, காலையில் ஒருமுறை சொல்லிவிட்டு மறந்துவிடுவது இன்னொரு தவறு. கப்பல் தாமதமானால் அந்த நேரம் மாறும். 'கட்-ஆஃப் இரவு 10 மணி. பார்த்தது மதியம் 2.15' என்று எழுதுங்கள். பார்த்த நேரம் இல்லாத தகவல் எவ்வளவு பழையது என்று யாருக்கும் தெரியாது. 'வண்டி கிளம்பிவிட்டது' என்பதும் அப்படித்தான். தொழிற்சாலையிலிருந்தா, சரக்கைப் பெட்டியில் ஏற்றி இறக்கும் சி.எஃப்.எஸ். யார்டிலிருந்தா, மணி என்ன?

வாட்ஸ்அப் குழு அவசரச் செய்திக்கு நல்லது. அதையே பதிவேடாக வைத்துக்கொண்டால், மங்கலான சீட்டுப் படம் நாற்பது வணக்கங்களுக்கு அடியில் போய்விடும். வண்டிக்கு ஒரு வரி என்று எல்லோரும் பார்க்கும் ஒரே அட்டவணை போதும். அதைத் திருத்தும் பொறுப்பு ஒருவரிடம் இருக்கட்டும்.

'எங்கே இருக்கிறீர்கள்' என்று ஓட்டுநரைப் பத்து முறை அழைக்காதீர்கள். வண்டி ஓட்டுபவரைப் பேச வைப்பது ஆபத்து. கன்டெய்னரில் மாட்டும், ரேடியோ அலையில் படிக்கப்படும் ஆர்.எஃப்.ஐ.டி. அட்டையைக் கொண்டு, அது கடந்த இடங்களை லாஜிஸ்டிக்ஸ் டேட்டா பேங்க் என்ற இணையதளம் காட்டுகிறது. கன்டெய்னர் எண்ணைப் போட்டால் போதும். சாலையின் ஒவ்வொரு அடியையும் அது காட்டாது. கேட், சுங்கச்சாவடி போன்ற இடங்களைக் கடந்ததும் தெரியும். பாதி அழைப்புகளுக்கு அதுவே பதில்.

காலிப் பெட்டி விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். எந்த யார்டில் இறக்குவது என்பதை ஷிப்பிங் லைன் மாற்றியிருக்கும். மின்னஞ்சல் அலுவலகத்திலேயே கிடக்கும். ஓட்டுநர் மாதவரம் வரை போய், வேறு யார்டுக்குப் போகச் சொல்லித் திருப்பி அனுப்பப்படுவார். டிரிப் கணக்கில் சம்பளம் வாங்குபவருக்கு அது ஒரு நாள் வருமானம். வண்டியை எடுக்கச் சொல்லும் முன் அன்றைய யார்டு எது என்று உறுதிசெய்து, அவர் படிக்கும் மொழியில் அனுப்புங்கள். இந்தி மட்டும் தெரிந்தவருக்கு ஆங்கில மின்னஞ்சலை அப்படியே தள்ளிவிட்டுப் பயனில்லை. குரல் பதிவாவது அனுப்பலாம்.

காத்திருந்த நேரத்தை எழுதிவைக்காததால், அதற்கு வாடிக்கையாளரிடம் வாங்கவேண்டிய ஹால்டிங் பணமும் போகிறது. வரிசையில் சேர்ந்த நேரம், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் என மூன்றையும் அன்றன்றே அட்டவணையில் ஏற்றி, கேட்டில் கொடுத்த சீட்டின் படத்தையும் அதே வரியில் சேர்த்துவிடுங்கள். மாதக் கடைசியில் பில் போடும்போது வாடிக்கையாளர் முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான்.